அமாரா, ஆகஸ்ட் 2006: சாலஞ்சர் 2 டாங்கியின் மூக்குத் தகடு துளைபட்ட நிகழ்வு

நிகழ்வு

தென் ஈராக்கின் மைசான் மாகாணத் தலைநகர் அல்-அமாரா. 2006 ஆகஸ்டில் அங்கே பிரிட்டிஷ் ராணுவத்தின் சாலஞ்சர் 2 டாங்கி ஒன்றின் முன்பக்கக் கீழ்த்தகட்டில், அதாவது மூக்குத் தகட்டில், ஆர்பிஜி-29 என்ற டாங்கி எதிர்ப்பு ராக்கெட் பட்டது. அந்த இடத்தை மறைத்து, அடிபட்டதும் தாமே வெடித்து ராக்கெட்டின் வலுவைக் குறைக்கும் வெடிக் கவசப் பெட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. ராக்கெட் பெட்டியையும் அதன் பின்னாலிருந்த எஃகையும் கடந்து ஓட்டுநர் அறைக்குள் புகுந்தது. ஓட்டுநர் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். குழுவில் வேறு இருவரும் காயப்பட்டனர். ஓட்டுநர் அந்த நிலையிலேயே டாங்கியை ரிவர்ஸில் சுமார் 2.4 கி.மீ. ஓட்டி, படைப்பிரிவின் முதலுதவி நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நால்வரும் உயிர் பிழைத்தனர்.

செய்தி பொதுவெளிக்கு வந்தது 2007 மே மாதத்தில்தான். அதன்பின் மூக்குத் தகட்டின் கவசம் மாற்றப்பட்டது, வயிற்றுத் தகட்டுக்கும் கவசம் போடப்பட்டது. ஒரே ஒரு ராக்கெட் அந்த டாங்கியின் கவச வரைபடத்தையே திருத்த வைத்தது எப்படி என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பின்னணி: கவசம் எங்கே வைக்கப்பட்டது, ஏன்

டாங்கியின் கவசத்தைக் கணக்குப் புத்தகம் போலப் பார்ப்பது நல்லது. மொத்த எடைக்கு உச்சவரம்பு உண்டு. எஞ்சின், சஸ்பென்ஷன், பாலங்கள், ஏற்றிச்செல்லும் டிரெய்லர் எல்லாம் சேர்ந்து அந்த வரம்பைத் தீர்மானிக்கின்றன. கூடுதல் இல்லாமல் சாலஞ்சர் 2-இன் எடை 62.5 டன். அந்த டன்களை எங்கே செலவழிப்பது என்பதை அடி எங்கே விழும் என்ற அனுமானம்தான் முடிவு செய்கிறது.

பனிப்போர்க் காலத்து பிரிட்டிஷ் அனுமானம் தெளிவானது. வட ஜெர்மனியின் மேடுபள்ளமான நிலத்தில், மேட்டின் மறுசரிவில் நின்றுகொண்டு, டரட்டை, அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேற்பகுதியை, மட்டும் வெளியே காட்டிச் சுடுவார்கள். சாலஞ்சர் 2-இன் பீரங்கி கிடைமட்டத்துக்குக் கீழே 10 டிகிரி தாழ்வது இதற்காகத்தான். பீரங்கி தாழாவிட்டால், சுடுவதற்காகவே வண்டி மேட்டின் உச்சிக்கு ஏறி மார்பைக் காட்ட வேண்டியிருக்கும். பீரங்கியின் இந்தத் தாழ்வையும் ஒரு பாதுகாப்பு அம்சமாகவே எண்ண வேண்டும், ஆனால் கவசப் பட்டியல்களில் அதை யாரும் சேர்ப்பதில்லை.

இந்த அனுமானத்தின்படி கனமான அடுக்குக் கவசம் டரட்டின் முகத்துக்கும் உடற்பகுதியின் மேல் சாய்தகட்டுக்கும் போனது. சோபம் என்று 1976-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட வகையின் அடுத்த தலைமுறை இது. டார்செஸ்டர் என்பது அதன் பெயர், உள்ளமைப்பு இன்றும் ரகசியம். மூக்குத் தகடு, அதாவது முன்பக்கத்தில் கீழ்நோக்கி உள்வாங்கிச் செல்லும் தகடு, மண்ணுக்குப் பின்னால் மறைந்திருக்கும் என்று கொள்ளப்பட்டது. அங்கே நம்பிக்கை எஃகின் மீதுதான்.

இரண்டாவது விஷயம் ஓட்டுநரின் உட்காரும் விதம். 1960-களில் சேவைக்கு வந்த சீஃப்டெய்ன் டாங்கியில் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர்கள் ஓட்டுநரைச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். ஹாட்ச் (ஏறி இறங்கும் திறப்பின் கதவு) மூடியதும் அவர் ஏறக்குறைய மல்லாந்த நிலையில், தலைக்கு மேலுள்ள பெரிஸ்கோப் வழியாகப் பார்த்து ஓட்டுவார். ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார வேண்டியதில்லை என்றால் உடற்பகுதியின் உயரம் குறையும். மேல் தகட்டை இன்னும் சரிவாகச் சாய்க்கலாம். அதே எடையில் கவசத்தின் பயன் கூடும். சாலஞ்சர் 2-உம் இந்த வழக்கத்தைத் தொடர்ந்தது. இதற்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு முன்தகட்டுக்கு அருகில் இருப்பவை முழங்கால்கள். சாய்ந்து படுத்தவருக்குப் பாதங்கள். பெடல்கள் மூக்குத் தகட்டை ஒட்டி இருக்கின்றன. அமாராவில் காயம் பாதத்தில் பட்டது தற்செயல் இல்லை.

மற்ற அம்சங்கள் சில அமாராவில் பின்னணியிலிருந்து உதவின. டரட்டைச் சுழற்றுவதும் பீரங்கியை ஏற்றி இறக்குவதும் முழுக்க மின்சாரத்தால். அழுத்தத்தில் தீப்பற்றும் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்கள் சண்டை அறைக்குள் ஓடுவதில்லை. குண்டும் உந்துமருந்துப் பையும் தனித்தனி. மருந்துப் பைகள் டரட் வளையத்துக்குக் கீழே கவசப் பெட்டிகளில் இருக்கும். சஸ்பென்ஷன் ஹைட்ரோகேஸ் வகை, அதாவது அழுத்திய வாயுவே சுருள்வில்லாக வேலை செய்வது; அலகுகள் உடற்பகுதிக்கு வெளியே பொருத்தப்பட்டவை. வேறு பல டாங்கிகளில் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் இங்கே தரையின் குறுக்கே ஓடாததால் அடியில் வெடித்தால் அவை உள்ளே தெறிக்கும் ஆபத்து இல்லை. மின்சாரத்தில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரம்கூட இந்தப் பட்டியலில் வரும். 1945-இல் செஞ்சூரியன் டாங்கி தொடங்கி பிரிட்டிஷ் கவச வாகனங்களில் அது நிரந்தரம். தேநீருக்கும் பொட்டல உணவைச் சூடாக்கவும் வெளியே இறங்கி அடுப்பு மூட்டிய வீரர்கள் இரண்டாம் உலகப் போரில் நிறையப் பேர் அடிபட்டார்கள். ஹாட்சை மூடிக்கொண்டு ஒரு முழு நாள் உள்ளேயே இருக்க முடிந்தால் அதுவும் கவசம்தான்.

2003 தந்த நம்பிக்கை

2003 படையெடுப்பின்போது ஈராக்குக்குச் சென்ற சாலஞ்சர் 2-களுக்குப் பக்கவாட்டில் அடுக்குக் கவசத் தொகுதிகளும் மூக்கில் வெடிக் கவசப் பெட்டிகளும் கூடுதலாகப் பொருத்தப்பட்டன. பாஸ்ரா அருகே ஒரு டாங்கி செயின் கழன்று, பார்வைக் கருவிகள் சிதைந்து நகர முடியாமல் நின்றது. அதன் மீது 14 ஆர்பிஜி ராக்கெட்டுகளும் ஒரு மிலான் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும் பட்டன. குழுவினர் பிழைத்தார்கள். வண்டியை மீட்டுப் பழுதுபார்த்து ஆறு மணி நேரத்தில் மீண்டும் பணிக்கு அனுப்பினார்கள்.

இதுபோன்ற செய்திகள் இந்த டாங்கியை எதுவும் துளைக்காது என்ற எண்ணத்தை வளர்த்தன. அந்த 14 என்ற எண் பிறகு எல்லா இடத்திலும் எடுத்தாளப்பட்டது. ஆனால் எண்ணிக்கையைவிட இரண்டு விவரங்கள் முக்கியம்: எந்த வகை ராக்கெட், எந்த இடத்தில் பட்டது. அன்று ஈராக்கில் பரவலாக இருந்தவை ஆர்பிஜி-7-இன் பழைய ஒற்றைத் தலை ராக்கெட்டுகள். அவை வலுவான இடங்களில் பட்டதை வைத்து வலுவற்ற இடத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதே போரில், 2003 மார்ச் 25 அன்று, இன்னொரு சாலஞ்சர் 2 தன் தரப்பு டாங்கி தவறுதலாகச் சுட்ட குண்டு திறந்திருந்த கமாண்டர் ஹாட்சில் பட்டு அழிந்தது, இருவர் இறந்தனர். அங்கே எந்தக் கவசமும் துளைபடவில்லை. ஹாட்ச் திறந்திருந்ததே போதுமானதாயிற்று. இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் படித்திருந்தால், ‘எத்தனை அடி தாங்கியது’ என்ற கேள்வியைவிட ‘எங்கே அடிபடவில்லை’ என்ற கேள்வி முன்னால் வந்திருக்கும்.

ராக்கெட்டும் பெட்டியும்

இந்த வகை ராக்கெட்டின் தலையில் வெடிமருந்துக்குள் கூம்பாகக் குழிந்த ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். பெரும்பாலும் செம்பு. வெடிக்கும்போது கிண்ணம் உள்ளுக்குள் நசுங்கி மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். தாரையின் நுனி நொடிக்கு 8 முதல் 10 கி.மீ. வேகத்தில் போகும். அந்த அழுத்தத்தில் எஃகு திரவம் போல விலகிக்கொடுக்கிறது. எஃகை உருக்கித் துளைக்கிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள், தவறு. விலக்கித்தான் துளைக்கிறது.

வெடிக் கவசப் பெட்டியில் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே ஒரு வெடிமருந்துப் படலம் இருக்கும். தாரை பட்டதும் படலம் வெடிக்க, தகடுகள் எதிரெதிர்த் திசையில் பறக்கும். சாய்வாகப் பறக்கும் தகடு தாரையின் குறுக்கே தொடர்ந்து புது உலோகத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதால் தாரை துண்டுதுண்டாகச் சிதறுகிறது. இங்கே முக்கியமான சொல் சாய்வு. தாரை தகட்டை ஏறத்தாழ நேராகச் சந்தித்தால், தகடுகள் தாரையின் பாதையிலேயே முன்னும் பின்னும் நகரும். குறுக்கே வரும் உலோகம் மிகக் குறைவு, பலனும் குறைவு. மேல் தகடு படுக்கையாகச் சாய்ந்திருப்பது போல மூக்குத் தகடு சாய்ந்திருப்பதில்லை. தெருமட்டத்திலிருந்து முன்னால் வரும் ராக்கெட் அதைச் சந்திக்கும் கோணம் பெட்டிக்குச் சாதகமானது இல்லை.

ஆர்பிஜி-29 இதற்கு மேலும் ஒரு படி போகிறது. 1980-களின் இறுதியில் சோவியத் படையில் சேர்ந்த 105 மி.மீ. ஆயுதம் அது. ராக்கெட்டின் நுனியில் ஒரு சிறு வெடிமுனை, பின்னால் முதன்மை வெடிமுனை. சிறியது பெட்டியைத் தூண்டி வெடிக்க வைக்கும். தகடுகள் பறந்து விலகிய பின் முதன்மையானது திறந்த எஃகைச் சந்திக்கும். வெடிக் கவசத்தைத் தாண்டிய பிறகும் 600 மி.மீ.க்கு மேல் எஃகைத் துளைக்கும் என்பது தயாரிப்பாளரின் கூற்று. எந்த டாங்கியின் மூக்கிலும் அவ்வளவு கெட்டியான வெறும் எஃகு கிடையாது.

வண்டியின் பின்பக்கம் மாட்டும் கிராதிக் கவசமும் இங்கே உதவியிருக்காது. ஆர்பிஜி-7-இன் மின் வெடிதூண்டி, நுனியிலிருந்து பின்பக்கத்துக்கு இரண்டு உலோகக் கூம்புகள் வழியாக மின்னோட்டத்தை அனுப்புகிறது. ராக்கெட் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சிக்கினால் கூம்புகள் நசுங்கி ஒன்றையொன்று தொட்டு, மின்சுற்று குறுக்கிட்டு, வெடிக்காமல் போகலாம். நுனி நேராகக் கம்பியிலேயே பட்டால் வழக்கம்போல வெடிக்கும். ஆக, ஒரு குறிப்பிட்ட ராக்கெட்டின் குறிப்பிட்ட பலவீனத்துக்கு எதிரான ஏற்பாடு அது. எல்லாவற்றுக்கும் பொதுவான கேடயமாக அதை நினைப்பது பரவலான பிழை.

டாங்கியில் காணப்பட்டவை

இந்த நிகழ்வில் தெளிவாகத் தெரிந்தவை மூன்று. பெட்டி இருந்தும் துளை விழுந்தது. துளை விழுந்தும் வண்டி ஓடும் நிலையில் இருந்தது. தீப்பிடிக்கவில்லை, மருந்துப் பைகள் வெடிக்கவில்லை.

இத்தகைய சேதத்தைப் படிக்கும் முறையை இங்கே குறிப்பது பயன்படும். வெளிப்பக்கம் முதலில் பார்க்க வேண்டியது கவசப் பெட்டி: உறை உள்ளிருந்து வெளியே விரிந்து கிழிந்திருந்தால் படலம் வெடித்திருக்கிறது. அதே இடத்தில், பின்னாலுள்ள எஃகில் விரல் நுழையும் அளவுக்குக் குறுகலான, ஆழமான துளையும் இருந்தால் இரட்டைத் தலை ராக்கெட் என்ற சந்தேகம் வலுக்கும். ஒற்றைத் தலையாக இருந்து பெட்டி சரியாக வேலை செய்திருந்தால், எஃகில் சிதறிய தாரைத்துண்டுகள் கீறிய ஆழமற்ற, நீளவாக்கான தழும்புகளே பெரும்பாலும் தெரியும். துளையின் வாய் சற்று விரிந்திருக்கும். உட்சுவரில் செம்பு பூசியது போல மினுங்கும். ஒரு மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டு மறுமுனை வரை கொண்டுபோய், வெளியே நீட்டியிருக்கும் பகுதியின் ஏற்றமும் பக்கச்சாய்வும் அளந்தால் ராக்கெட் வந்த திசை கிடைக்கும். கம்பியை விடுவதற்கு முன் வண்டி நின்ற நிலையைக் குறித்திருக்க வேண்டும். நகர்த்திய பிறகு எடுத்த கோணம் வண்டியைப் பற்றிச் சொல்லும், தெருவைப் பற்றிச் சொல்லாது.

உள்பக்கம் சேதம் இரண்டு வகை. தாரை நேர்கோட்டில் போகும். அதன் வழியில் இருப்பது மட்டும் துளைபடும். தகட்டின் உள்முகத்திலிருந்து பெயர்ந்து தெறிக்கும் எஃகுச் சில்லுகளோ கூம்பு வடிவில் விரியும். பெரும்பாலான காயங்கள் இரண்டாவதால்தான். சாலஞ்சர் 2-இல் ஓட்டுநர் முன்பக்க நடுவில் தனியே படுத்திருக்கிறார், மற்ற மூவரும் அவருக்குப் பின்னால் டரட்டுக்குள் இருக்கிறார்கள். தாரை மூக்கில் நுழைந்ததால் முதலில் கிடைத்தது பாதமும் பெடல் பகுதியும். அதே தாரை ஒரு மருந்துப் பெட்டியைத் தொட்டிருந்தால் இந்த ஆய்வின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

குழுவின் முடிவு: பின்னோக்கி ஓட்டுவது

அடிபட்ட அந்த நொடியில் மூன்று வழிகள் இருந்தன. அங்கேயே நின்று ஓட்டுநரை வெளியே எடுப்பது. வண்டியைத் திருப்பி வேகமாக முன்னோக்கி வெளியேறுவது. முகத்தைத் திருப்பாமல் பின்வாங்குவது.

முதல் வழி சுடப்படும் தெருவில் செய்யக்கூடியது இல்லை. மல்லாந்து படுத்திருக்கும் ஒருவரை ஹாட்ச் வழியாக மேலே தூக்க வெளியே நின்று இழுக்க ஆள் வேண்டும், பீரங்கிக் குழல் ஹாட்சுக்கு மேலே நின்றால் அதைத் திருப்ப வேண்டும், டரட்டைத் திருப்பினால் அதன் முகக் கவசம் ஆபத்தான திசையிலிருந்து விலகும். இரண்டாவது வழியில் வண்டி திரும்பும் சில நொடிகளுக்குப் பக்கவாட்டையும், அதன்பின் முழுத் தூரத்துக்கும் எஞ்சின் பகுதியையும் காட்ட வேண்டும். டாங்கியின் கவசம் மிக மெல்லிய இடங்களில் ஒன்று பின்புறம். மூக்கில் ஏற்கெனவே ஒரு துளை இருந்தாலும், முகத்தை எதிரியின் பக்கம் வைத்திருப்பதுதான் கணக்குப்படி சரி.

குழு தேர்ந்தது மூன்றாவதை. ஓட்டுநருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது; கமாண்டர் இன்டர்காமில் சொல்லச் சொல்ல, இடம், வலம் என்று லீவரை இழுத்து ஓட்ட வேண்டும். நன்றாக இருக்கும் ஒருவருக்கே இது களைப்பான வேலை. இங்கே பாதம் சிதைந்த ஒருவர் 2.4 கி.மீ. ஓட்டினார்.

ரிவர்ஸ் கியரை யாரும் கவசமாக எண்ணுவதில்லை. எண்ண வேண்டும். சாலஞ்சர் 2-இன் கியர்பாக்ஸில் முன்னோக்கி ஆறு, பின்னோக்கி இரண்டு கியர்கள். சோவியத் டாங்கியான டி-72-க்கு ஒரே ஒரு ரிவர்ஸ் கியர். அதன் உச்ச வேகம் மணிக்கு 4 கி.மீ. சொச்சம். அந்த வேகத்தில் 2.4 கி.மீ. கடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரத்தம் வழியும் ஓட்டுநரால் அது முடியாது. முகத்தைக் காட்டியபடி பின்வாங்குவது என்ற தேர்வே டி-72-இல் ஏறக்குறைய இல்லை. உக்ரைன் போரில் திரும்பி ஓடும்போது முதுகில் அடிபட்ட டி-72-களுக்குப் பின்னால் இந்தச் சின்ன எண் இருக்கிறது.

அமைச்சகத்தின் முடிவுகள்

பாதுகாப்பு அமைச்சகம் ஒன்பது மாதம் மௌனம் காத்தது. துளைபட்ட இடம் எது என்பதை எதிர்த்தரப்புக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்ற தர்க்கம் புரிகிறது. 2007 மே மாதம் செய்தி வெளிவந்தபோது, இந்த டாங்கி துளைக்க முடியாதது என்று தாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை என அமைச்சகம் பதிலளித்தது. சொல்லவில்லைதான், மறுக்கவும் இல்லை.

தொழில்நுட்ப முடிவு ஸ்ட்ரீட்ஃபைட்டர் என்ற நகர்ப்போர் மேம்பாட்டின் பகுதியாக வந்தது. மூக்கிலிருந்து வெடிக் கவசப் பெட்டிகளை எடுத்துவிட்டு டார்செஸ்டர் வகை அடுக்குக் கவசக் கட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். எஃகு வயிற்றுத் தகட்டின் மீதும் கவசம் சேர்த்தார்கள்.

பெட்டியைவிடக் கட்டி ஏன் மேல்? முதல் காரணம் மேலே சொன்ன கோணமும் இரட்டைத் தலையும். அடுக்குக் கவசத்தை முன்கூட்டியே தூண்டிக் காலியாக்க முடியாது. சிறிய வெடிமுனை பட்டபின்னும் அதன் பெரும்பகுதி இடத்திலேயே இருக்கும். இரண்டாவது, வெடிக் கவசம் ஒரு முறைதான். வெடித்த பெட்டியின் இடம் அடுத்த அடிக்கு வெறுமையாக நிற்கும், தெருச்சண்டையில் மாற்ற நேரம் கிடைக்காது. மூன்றாவது, நகரத்தில் டாங்கியின் அருகே காலாட்படையினரும் பொதுமக்களும் இருப்பார்கள். பறக்கும் எஃகுத் தகடு அவர்களைப் பார்த்து விலகாது.

கட்டிக்கும் செலவு உண்டு. எடை வண்டியின் மூக்கு நுனியில் சேர்கிறது, அதனால் முன் சக்கரங்களின் ஹைட்ரோகேஸ் அலகுகள் அதிகச் சுமையில் வேலை செய்கின்றன. வாயு அழுத்தத்தை அதற்கேற்பச் சரிபார்க்காவிட்டால் முகம் தாழ்ந்து நிற்கும். மூக்கு முன்னே நீள்வதால் செங்குத்தான கரையில் ஏறும்போது செயின் தொடுவதற்கு முன் கவசக் கட்டி மண்ணில் முட்டும். முன்பக்க இழுவைக் கொக்கிகளை எட்டும் வழி குறுகும், மீட்புக் குழுவுக்கு இது முதல் நாளிலேயே தெரியும். மதில்களை உரசிப்போகும் வண்டியில் தாங்கிகளின் போல்ட்டுகள் தளர்வதும் வழக்கம். ஒரு பக்கத் தாங்கி வளைந்தால் கட்டிக்கும் தகட்டுக்கும் இடையில் திட்டமிட்ட இடைவெளி மாறிவிடும்.

எல்லாக் கூடுதல்களும் சேர்ந்தபோது எடை 75 டன் வரை போனது. எஞ்சின் அதே 1200 குதிரைத்திறன். டன்னுக்கு 19.2 இருந்தது 16 ஆனது. இந்த இழப்பு செயின், இறுதி கியர் அலகுகள், பிரேக் ஆகியவற்றின் தேய்மானத்தில் மாதா மாதம் தெரியும்.

பாஸ்ரா, ஏப்ரல் 2007

செய்தி வெளிவருவதற்கு ஒரு மாதம் முன், 2007 ஏப்ரல் 6 அன்று, பாஸ்ராவில் இன்னொரு சாலஞ்சர் 2-இன் வயிற்றுத் தகட்டைச் சாலையோரக் குண்டு துளைத்தது. மறுபடியும் ஓட்டுநர். இந்த முறை ஒரு காலையே இழந்தார். இன்னொரு வீரரும் காயப்பட்டார்.

இரண்டு நிகழ்வுகளிலும் அடிபட்டது ஒரே இருக்கை. மூக்கும் வயிறும் சேரும் மூலையில்தான் ஓட்டுநர் படுத்திருக்கிறார். தரைக்கும் வயிற்றுக்கும் இடைவெளி அரை மீட்டர். அந்த அரை மீட்டரில்தான் கூடுதல் கவசமும் இடம்பிடிக்க வேண்டும். கவசம் தடிக்கத் தடிக்க இடைவெளி குறையும், வெடி இன்னும் அருகில் வரும். இந்த இழுபறிக்குச் சுலபமான தீர்வு இல்லை. வயிற்றுக்குக் கவசம் போடும் வேலையை அமாராவோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. பாஸ்ராவின் பங்கையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே கோடையில் லெபனானில்

2006 ஜூலை 12 முதல் ஆகஸ்ட் 14 வரை நடந்த லெபனான் போரில் இஸ்ரேலின் மெர்க்காவா டாங்கிகளும் ஆர்பிஜி-29-ஐயும் அதைவிடக் கனமான ஏவுகணைகளையும் சந்தித்தன. பிரிட்டனும் இஸ்ரேலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே கேள்வியை எதிர்கொண்டு வெவ்வேறு பதில் சொன்னதால் இந்த ஒப்பீடு பயனுள்ளது.

மெர்க்காவாவில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. ஓட்டுநருக்கும் முன்தகட்டுக்கும் நடுவே ஓர் இயந்திரமே தடுப்பு. மூக்கில் துளை விழுந்தால் ஓட்டுநரின் பாதத்துக்குப் பதில் எஞ்சின் போகும். வண்டி நின்றுவிடும் என்பது அதன் விலை. அமாராவின் 2.4 கி.மீ. பின்வாங்கல் அந்த வடிவமைப்பில் நடந்திருக்காது. ஆனால் பின்பக்கக் கதவு வழியாகக் குழு இறங்கியிருக்கலாம். எது மேல் என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தெருவில் எதிரி முன்னால் மட்டுமே இருந்தால் கதவு நல்லது, சுற்றிலும் இருந்தால் ஓடும் எஞ்சின் நல்லது.

மெர்க்காவாவின் டரட் பின்புறத்தின் கீழே தொங்கும் சங்கிலிக் குண்டுத் திரையும் கவனிக்கத்தக்கது. டரட்டின் பின்நீட்டத்துக்கும் உடற்பகுதிக்கும் இடையில் ஒரு பிளவு உண்டு. அங்கே நுழையும் ராக்கெட் டரட் வளையத்தைத் தாக்கும். பிளவைத் தகட்டால் மூடினால் டரட் சுழலாது, ஹாட்சுகள் தடைபடும். சங்கிலி நுனிகளில் இரும்புக் குண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டால் டரட்டோடு சேர்ந்து சுழலும், ராக்கெட்டைத் தள்ளியே வெடிக்க வைக்கும். தாரை அந்த இடைவெளியைக் கடப்பதற்குள் ஒழுங்கு குலையும். விலை சொற்பம், எடை சொற்பம், மாற்றுவதற்குச் சில நிமிடங்கள். 1983-இன் இரண்டாம் மெர்க்காவா முதல் இது தொடர்கிறது. பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும் இந்த ஏற்பாட்டின் பின்னால், எந்த இடத்தில் அடி விழுகிறது என்று உட்கார்ந்து குறித்த வேலை இருக்கிறது. சாலஞ்சரின் மூக்குக்கு அந்த வேலை அமாராவுக்கு முன் நடக்கவில்லை.

2006-க்குப் பின் இஸ்ரேல் எடுத்த பெரிய முடிவு டிரோஃபி. டரட்டைச் சுற்றி நான்கு ரேடார் பலகைகள். வரும் ராக்கெட்டைக் கண்டுபிடித்து, டரட்டின் இருபுறமும் உள்ள ஏவிகளில் ஒன்றால் வழியிலேயே சிதைக்கும் ஏற்பாடு. 2011 மார்ச் 1 அன்று காஸா எல்லையில் ஒரு மெர்க்காவா இதைக் கொண்டு முதன்முறையாக ராக்கெட் ஒன்றைப் போர்க்களத்தில் தடுத்தது.

இன்று மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அடிபட்ட வண்டிகளின் பதிவேடு. 2003-இல் தாங்கிய ஒவ்வோர் அடிக்கும் இடம், கோணம், ராக்கெட் வகை மூன்றையும் ஒரே படத்தில் குறித்திருந்தால், மூக்கின் பகுதி சோதிக்கப்படாமல் வெறுமையாக இருப்பது கண்ணில் பட்டிருக்கும். அடி வாங்காத இடத்தைப் பலமான இடமாக எண்ணிக்கொள்வது ஆபத்து. படையெடுப்பு முடிந்து தெருக்காவல் தொடங்கிய மாதமே இந்தப் படத்தைப் புதிதாக வரைந்திருக்க வேண்டும். மேட்டுக்குப் பின்னால் மறையும் டாங்கிக்கு வரைந்த படம், தெருமுனையில் முழு உடம்பையும் காட்டி நிற்கும் டாங்கிக்குப் பொருந்தாது.

பெடல்களைச் சுற்றி உள்முகத்தில் சில்லுத் தடுப்பு விரிப்பு போடுவது எடையில் மிகச் சிறிய செலவு. தாரையை அது நிறுத்தாது. கூம்பாக விரியும் சில்லுகளைக் குறைக்கும். பாதத்துக்கு அதுவே பெரிய வித்தியாசம்.

பயிற்சியில் காயம்பட்ட ஓட்டுநர் என்ற சூழலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கமாண்டர் சொற்களை மட்டும் கேட்டு ரிவர்ஸில் நீண்ட தூரம் ஓட்டுவதை, ஒரு காலால் ஓட்டுவது உட்பட, எல்லா ஓட்டுநர்களும் பழக வேண்டும். ஓட்டுநர் மயங்கினால் அவரை டரட் பக்கமாக இழுக்க டரட்டை எந்த நிலையில் நிறுத்த வேண்டும் என்பதை குண்டு நிரப்பும் லோடரும் குறிபார்த்துச் சுடும் கன்னரும் இருட்டில் செய்துபார்த்திருக்க வேண்டும். டரட் கூடையின், அதாவது டரட்டோடு சுழலும் அதன் அடித்தளத்தின், திறப்பு ஓட்டுநர் இருக்கைக்கு நேராக வராவிட்டால் அந்த வழி இல்லை.

பிரிட்டனின் அடுத்த டாங்கியான சாலஞ்சர் 3-க்கு, பழைய வண்டிகளில் 148-ஐ மாற்றியமைக்க 2021-இல் ஒப்பந்தம் ஆனது. அதற்கு டிரோஃபியைத் தேர்ந்தார்கள். அமாராவின் ராக்கெட்டுக்கு எதிராக இது சரியான பதில்: மூக்கில் எவ்வளவு டன் சேர்ப்பது என்ற கேள்வியே பெருமளவு தணிகிறது. ஆனால் வழியில் சிதறும் ராக்கெட்டின் துண்டுகள் டாங்கிக்கு அருகே நடக்கும் காலாட்படை மீது விழும். அவர்கள் எவ்வளவு தள்ளி நடக்க வேண்டும் என்பதைப் புதிதாகப் பழக வேண்டும். பாஸ்ராவின் குண்டைப் பொறுத்தவரை டிரோஃபி எதுவும் செய்யாது. மண்ணுக்குள் காத்திருப்பதை ரேடார் பார்ப்பதில்லை. வயிற்றுத் தகட்டுக்கும் தரைக்கும் இடையே இருப்பது இன்னமும் அதே அரை மீட்டர்.